கள்ளநோட்டைக் கல்லாவிலேயே பிடிக்க எது உதவும்: விரலா, விளக்கா, மிஷினா?

போன தீபாவளிக்கு மூன்று நாள் முன்பு மண்டிப் பணத்தைக் கட்ட வங்கிக்குப் போயிருந்தேன். காசாளர் ஐந்நூறு ரூபாய்க் கட்டை மிஷினில் வைத்தார். பாதி எண்ணியதும் மிஷின் நின்று கத்தியது. ஒரு நோட்டை உருவி, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, கட்டை விரலால் ஒரு தடவு தடவிவிட்டு, "இது சரியில்ல சார்" என்றார். இரண்டு நிமிடத்தில் அதன் மேல் கள்ளநோட்டு என்று சதுர முத்திரை விழுந்தது. நோட்டின் எண்ணை எழுதி ரசீது தந்தார், அதில் என் கையெழுத்தையும் வாங்கிக்கொண்டார். கணக்கில் ஐந்நூறு குறைந்தது. நோட்டைத் திருப்பிக் கேட்டால் தரமாட்டார்கள். கிழித்துப் போடவும் அவர்களுக்கு அதிகாரம் கிடையாது. அது அங்கேயே தங்கிவிடும்.

மண்டி முதலாளி அண்ணாச்சிக்கு ஐந்நூறு ரூபாய் போனதைவிட, அது தன் கல்லா வழியாகப் போனதுதான் உறுத்தியது. "நல்ல மிஷினா பாத்து ஒண்ணு வாங்கிரு தம்பி, விலையப் பாக்காத" என்றார். ஒரு மாதம் விசாரித்தேன். கடைசியில் மிஷினும் வாங்கினோம். ஆனால் கள்ளநோட்டுக்காக வாங்கவில்லை. அது ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். மளிகைக் கடை, பெட்ரோல் பங்க், மண்டி, ஜவுளிக்கடை என்று கையில் ரொக்கம் புழங்குகிற யாருக்கும் இந்தக் கணக்கு பொருந்தும்.

முதலில் எந்த நோட்டுக்குப் பயப்பட வேண்டும் என்று பார்த்தேன். ரிசர்வ் வங்கியின் ஆண்டறிக்கைப்படி 2024-25-இல் வங்கிகளில் பிடிபட்ட கள்ளநோட்டுகள் 2,17,396. அதில் புது ஐந்நூறு மட்டும் 1,17,722. அதற்கு முந்தைய ஆண்டு இது 85,711-ஆக இருந்தது. இரண்டாயிரம் ரூபாய் நோட்டை 2023 மே 19 அன்று புழக்கத்திலிருந்து எடுப்பதாக அறிவித்த பிறகு கையில் இருக்கும் பெரிய நோட்டு ஐந்நூறுதான். ஆக, பாதிக்கு மேல் ஐந்நூறு. அடுத்து இருநூறையும் நூறையும் கவனித்தால் போதும். இருபது ரூபாய் நோட்டைத் தடவிக்கொண்டு நின்றால் வரிசையில் நிற்கிறவர் சிரிப்பார். இந்த எண்ணிக்கை வங்கி வரை வந்து மாட்டியவை மட்டும்தான் என்பதையும் மறக்கக் கூடாது. சந்தையிலேயே சுற்றிக்கொண்டிருப்பதை யார் எண்ணுவது?

கள்ளநோட்டிலும் தரம் உண்டு. கலர் ஜெராக்ஸ், வீட்டுப் பிரிண்டர் வகைதான் கடைசித் தரம். அதற்கு மேலே அச்சகத்தில் ஆஃப்செட்டில் அடித்து, பளபளவென்று ஒரு நூலை ஒட்டி, வெளிச்சத்தில் தூக்கினால் தெரிகிற நீர்க்குறியை வெள்ளை மையால் தீற்றி வருகிறவை. அதற்கும் மேலே, காகிதத்திலேயே நீர்க்குறி வைத்து, இரண்டு பக்க அச்சையும் பொருத்தி வருகிற உயர்தரக் கள்ளநோட்டு. இதைச் சட்டமே தனியாகப் பார்க்கிறது. சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் நீர்க்குறி, சாய்த்தால் தெரிகிற மறைபிம்பம், இரண்டு பக்க அச்சும் வெளிச்சத்தில் ஒன்றுசேருகிற ஊடுபார்வைப் பொருத்தம் என்று மூன்று அம்சங்களைக் குறித்திருக்கிறார்கள். அவற்றைப் போலி செய்திருப்பதாகத் தடய அறிவியல் ஆய்வில் தெரிந்தால் வழக்கு பயங்கரவாதக் கணக்கில் போய்விடும். அந்தத் தரத்து நோட்டு உங்கள் கடைக்கு வந்தால் உங்களாலோ என்னாலோ பிடிக்க முடியாமல் போகலாம். அதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். நாம் தடுக்க வேண்டியது முதல் இரண்டு வகையை. இடையில் சில்ட்ரன் பேங்க், மனோரஞ்சன் பேங்க் என்று அச்சடித்த விளையாட்டு நோட்டைக் கட்டின் நடுவில் செருகித் தருகிற ஆட்களும் உண்டு. அதற்குத் தடயவியல் தேவையில்லை, எண்ணும்போது கண்ணைத் திறந்து வைத்திருந்தால் போதும்.

இப்போது ஒவ்வொன்றாக வருகிறேன்.

கையும் கண்ணும்

செலவு இல்லாத வழி இது. நாம் அதிகம் இளக்காரமாகப் பார்ப்பதும் இதைத்தான். நானும் அப்படித்தான் நினைத்தேன், அந்தக் காசாளர் ஒரு தடவு தடவியதைப் பார்க்கும் வரை.

நல்ல ஐந்நூறு ரூபாய் நோட்டு ஒன்றை மேசையில் வைத்து, ஜன்னல் பக்கமாகத் திருப்பி, பக்கவாட்டு வெளிச்சம் படும்படி கண்ணைத் தாழ்த்திப் பாருங்கள். காந்தி படத்தின் கோடுகளும் அசோகத் தூணும் சின்னச் சின்ன வரப்பு மாதிரி எழும்பி நிற்கும். வலது இடது ஓரங்களில் ஐந்து சாய்ந்த கோடுகள் இருக்கும், விரல் ஓட்டினால் நெருடும். எஃகுத் தகட்டில் கோடுகளைக் குடைந்து, பள்ளத்தில் மையை நிரப்பி, பெரும் அழுத்தத்தில் காகிதத்தைப் பதிப்பதால் வரும் மேடு அது. பிரிண்டர் மையைக் காகிதத்தின் மேல் தெளிக்கும், அவ்வளவுதான், காகிதத்தை எழுப்பாது. காகிதமும் நாம் எழுதுகிற காகிதம் இல்லை, பருத்தி. கையில் மடக்கினால் சரசரவென்று ஒரு சத்தம் வரும். நோட்டு எண்ணியே கை காய்த்தவர்களுக்கு அந்தச் சத்தம் காதிலேயே இருக்கும்.

ஆனால் விரலுக்கு ஒரு குறை. நோட்டு பழசாகிவிட்டால் மேடு தேய்ந்துபோகும். மீன் மார்க்கெட்டுக்கு நாலு தடவை போய்வந்த நோட்டு துணி மாதிரி துவண்டு கிடக்கும். அதில் விரலை ஓட்டி ஒன்றும் சொல்ல முடியாது. அப்போது சாய்த்துப் பார்க்க வேண்டும்.

சாய்ப்பது என்றால், ஐந்நூறின் வலது கீழ்ப்பக்கம் ரூபாய்க் குறியோடு 500 என்று இருக்கிறதே, அதை நேராகப் பார்த்தால் பச்சை, கொஞ்சம் சாய்த்தால் நீலம். நடுவில் போகும் பாதுகாப்பு நூலும் அப்படியே பச்சையிலிருந்து நீலத்துக்கு மாறும். இருநூறிலும் இந்த இரண்டும் உண்டு. புது நூறில் நிறம் மாறும் எண் இல்லை, நூல் மட்டும் மாறும். ஜெராக்ஸில் பச்சை எப்போதும் பச்சைதான். சில கள்ளநோட்டுகளில் மினுமினுக்கிற பச்சை மை வைத்திருப்பார்கள். அது மினுக்கும், நீலமாகாது. கடைப் பையன்களிடம் நான் சொல்வது இதைத்தான்: "பளபளக்குதான்னு பாக்காத, கலர் மாறுதான்னு பாரு."

சந்தேகம் தீராவிட்டால் வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கலாம். இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. உண்மையான நீர்க்குறி, நோட்டு மேசையில் கிடக்கும்போது கிட்டத்தட்டத் தெரியாது. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால்தான் காந்தி முகமும் பக்கத்தில் 500-ம் எழுந்து வரும். மேசையில் கிடக்கும்போதே காந்தி அங்கே மங்கலாகச் சிரித்தால் அதை அச்சடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். இடது பக்கம் முன்னால் பாதி, பின்னால் பாதியாக அச்சான 500 வெளிச்சத்தில் ஒன்றாகச் சேர வேண்டும். முடி அகலம் விலகினாலும் கண்ணுக்குப் படும்.

தடவுவதும் சாய்ப்பதும் சேர்ந்து மூன்று நொடி. இந்த மூன்று நொடியைத்தான் மற்ற எல்லாக் கருவிகளோடும் ஒப்பிட வேண்டும்.

பேனா: வேண்டவே வேண்டாம்

கள்ளநோட்டைக் காட்டும் பேனா என்று விற்கிறார்கள். உள்ளே இருப்பது அயோடின். சாதாரணக் காகிதத்தில் மாவுச்சத்து இருக்கும். அதன் மேல் கோடு போட்டால் கறுக்கும். பருத்திக் காகிதத்தில் லேசான மஞ்சளோடு நின்றுவிடும். பள்ளிக்கூடத்தில் உருளைக்கிழங்கில் அயோடின் ஊற்றிப் பார்த்தோமே, அதே சோதனைதான்.

நம் ஊருக்கு இது ஒத்துவராது. அண்ணாச்சி வேட்டிக்குக் கஞ்சி போடுகிறவர். சட்டைப் பையிலோ வேட்டி மடிப்பிலோ மறந்துபோன நல்ல நோட்டு ஒன்று கஞ்சித் தொட்டியில் முழுகி வெளியே வந்தால், பேனா அதைக் கள்ளநோட்டு என்றுதான் சொல்லும். மாவுச்சத்து இல்லாத காகிதத்தில் அடித்த கள்ளநோட்டை நல்லது என்று சொல்லும். இரண்டு பக்கமும் பொய் சொல்கிற சாட்சி எதற்கு? போதாக்குறைக்கு நல்ல நோட்டிலெல்லாம் கோடு வேறு விழும்.

யூவி விளக்கு

புற ஊதா விளக்குக்குச் சில நூறு ரூபாய் போதும். வேலை செய்யும் விதமும் எளிது. கடையில் கிடைக்கும் வெள்ளைக் காகிதத்தில் வெண்மையைக் கூட்ட ஒளிரும் ரசாயனம் சேர்ப்பார்கள். யூவி பட்டதும் அது நீலவெள்ளையாகத் தகதகக்கும். நோட்டுக் காகிதத்தில் அந்த ரசாயனம் இல்லை, அதனால் இருண்டு கிடக்கும். அந்த இருட்டில் எண் வரிசை மட்டும் ஒளிரும், காகிதத்துக்குள் சின்னச் சின்ன இழைகள் மின்னும். ஜெராக்ஸ் நோட்டையும் நல்ல நோட்டையும் அருகருகே வைத்தால் குழந்தைகூடச் சொல்லிவிடும்.

வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். மலிவு டார்ச்சுகள் பலவும் 395 நானோமீட்டர். கண்ணுக்கே ஊதா வெளிச்சம் தெரியும், அந்த ஊதாவில் எல்லாம் மங்கிவிடும். 365 நானோமீட்டர் என்று கேட்டு வாங்க வேண்டும். அப்புறம் இடம். எங்கள் கல்லா வாசலைப் பார்த்து இருக்கிறது, காலை வெயில் நேரே முகத்தில் அடிக்கும். முதல் நாள் விளக்கைப் போட்டபோது ஒன்றுமே தெரியவில்லை, காசு வீண் என்று நினைத்தேன். பிறகு ஒரு பழைய அட்டைப் பெட்டியை முன்பக்கம் வெட்டி, உள்ளே கறுப்புத் துணி ஒட்டி, விளக்கை மேலே மாட்டிக் கல்லாவுக்கு அடியில் வைத்தோம். அதற்குப் பிறகுதான் எண்கள் பளிச்சென்று தெரிந்தன.

இதற்கும் ஒரு வேட்டிக் கதை உண்டு. துணி துவைக்கும் சோப்புத் தூளில் அதே வெண்மை ரசாயனம் இருக்கிறது. பேன்ட் பையில் இருந்து துவைத்து எடுத்த நல்ல நோட்டு யூவியில் கள்ளநோட்டு மாதிரியே தகதகக்கும். நான் வேண்டுமென்றே ஒரு நூறு ரூபாயைத் துவைத்துப் பார்த்தேன், வீட்டில் திட்டு வாங்கியதுதான் மிச்சம். ஆனால் பாடம் நல்லது. விளக்கில் ஒளிர்ந்தது என்பதற்காக மட்டும் நோட்டைத் தள்ளாதீர்கள். எண்ணும் இழையும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, சாய்த்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். ஒளிராத காகிதம் கிடைத்த கள்ளநோட்டுக்காரன் இந்த விளக்கை ஏமாற்றிவிடுவான் என்பதும் உண்மைதான்.

மிஷின்

அண்ணாச்சி ஆசைப்பட்டது இதைத்தான், கடைக்காரர்களும் இதைத்தான் கேட்பார்கள்.

கடைகளில் மூன்று மாதிரி கிடைக்கிறது. வெறுமனே எண்ணுவது. எண்ணும்போதே யூவி, காந்தம், அகச்சிவப்பு என்று சோதித்து, சந்தேகம் வந்தால் நின்று கத்துவது. மூன்றாவது, பல மதிப்பு நோட்டுகளைக் கலந்து வைத்தாலும் ஒவ்வொன்றையும் படம் பிடித்து, இது ஐந்நூறு, இது இருநூறு என்று பிரித்து மொத்தத் தொகையைச் சொல்வது. நான் விசாரித்தபோது இரண்டாவது வகை ஏழெட்டாயிரத்தில் தொடங்கியது, மூன்றாவது வகை அதைப் போல இரண்டு மடங்கு, அதற்கும் மேல்.

இந்தச் சோதனைகள் ஏமாற்று இல்லை. பாதுகாப்பு நூலை மிஷின் படிக்கும்படிதான் செய்கிறார்கள். நம் கண்ணுக்கு ஒரே நிறமாகத் தெரியும் இரண்டு மையில் ஒன்று அகச்சிவப்பில் மறைந்துபோகும், மற்றது நிற்கும். அந்த வடிவம் பொருந்துகிறதா என்று பார்க்கும். வீட்டுப் பிரிண்டர் மையால் இதைச் செய்ய முடியாது. கண்ணைவிட மிஷின் கெட்டிதான், அதில் வாதமில்லை.

சிக்கல் வேறு இடங்களில் இருக்கிறது. "பேங்க் குவாலிட்டி" என்று பெட்டியில் போட்டிருப்பார்கள். வங்கியில் இருக்கும் மிஷினுக்கு ரிசர்வ் வங்கி அளவுகோல் வைத்திருக்கிறது. நூறும் அதற்கு மேற்பட்ட நோட்டுகளும் மிஷினில் ஓடிய பிறகுதான் மறுபடி வெளியே போக வேண்டும், மிஷினைக் காலாண்டுக்கு ஒரு முறை சோதிக்க வேண்டும் என்றெல்லாம் விதி. நம் கடை மிஷினை யார் சோதிக்கிறார்கள்? வாங்கும்போது சோதிக்கவும் வழியில்லை. கள்ளநோட்டு என்று தெரிந்தே கையில் வைத்திருப்பது வம்பு, நோட்டைக் கலர் ஜெராக்ஸ் எடுப்பதும் வம்பு. நான் செய்தது, துவைத்த அந்த நூறு ரூபாயையும் நோட்டு அளவுக்கு வெட்டிய வெள்ளைத் தாளையும் கட்டுக்குள் செருகிப் பார்த்தது. ஒரு மிஷின் தாளைக்கூட விட்டுவிட்டது. அந்தக் கடையிலிருந்து அப்படியே வந்துவிட்டேன்.

அடுத்தது தூசி. அரிசி மண்டியில் தவிட்டுத் தூசி பறந்துகொண்டே இருக்கும். அது சென்சார் கண்ணாடியில் படிந்தால் நல்ல நோட்டுக்கெல்லாம் கத்தும். முதல் வாரத்தில் ஒரே நாளில் ஒன்பது தடவை கத்தியது, ஒன்பதும் நல்ல நோட்டு. பத்தாவது தடவை கத்தினால் கல்லாவில் இருப்பவர் என்ன செய்வார்? பொத்தானை அமுக்கிவிட்டு மேலே எண்ணுவார். டேப் ஒட்டிய நோட்டு, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட புது நோட்டு என்று அதற்கு வேறு காரணங்களும் உண்டு. புது வரிசை நோட்டு வந்தால் மென்பொருளை மாற்ற வேண்டும். 2016 நவம்பரில் நோட்டு அளவே மாறியபோது ஏடிஎம்களை ஒவ்வொன்றாகத் திறந்து மாற்றியமைத்தார்களே, அதே கதைதான். சர்வீஸுக்கு ஆள் உள்ளூரில் இல்லாத மிஷினை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

இவையெல்லாவற்றையும் சமாளிக்கலாம். சமாளிக்க முடியாத ஒன்று இருக்கிறது. மிஷினில் நாம் எப்போது எண்ணுகிறோம்? இரவு கடை அடைத்த பிறகு. வாடிக்கையாளர் மூட்டையை ஏற்றிக்கொண்டு, மீதிச் சில்லறையையும் வாங்கிக்கொண்டு, மதியமே போய்விட்டார். இரவு ஒன்பது மணிக்கு மிஷின் கத்தினால் அது எனக்குச் சொல்வது "ஐந்நூறு போச்சு" என்பது மட்டும்தான். வங்கியில் தெரிய வேண்டியது பன்னிரண்டு மணி நேரம் முன்னதாகத் தெரிகிறது, பணம் போனது போனதுதான். நூற்றுக்கு நூறு சரியாகச் சொல்லும் மிஷின் இரவில் சொல்வதைவிட, நூற்றுக்குத் தொண்ணூறு சரியாகச் சொல்லும் விரல், நோட்டு கைமாறும் அந்த நொடியில் சொல்வது மேல்.

போதாததற்கு, இரவில் தெரிவது ஒரு கெட்ட ஆசையையும் கிளப்பிவிடும். "நாளைக்குப் பால்காரருக்குக் கொடுக்கிற கட்டுல வச்சிரலாமா?" என்று. தெரியாமல் கையில் வந்தது குற்றமில்லை; பாரதிய நியாய சன்ஹிதாவின் 180-ஆம் பிரிவில், நியாயமான வழியில் வந்தது என்று நிரூபித்தால் வைத்திருந்தது குற்றமாகாது என்றே விளக்கம் சேர்த்திருக்கிறார்கள். தெரிந்தே அடுத்தவர் தலையில் கட்டினால் 179-ஆம் பிரிவு, ஆயுள் தண்டனை வரை போகலாம். ஐந்நூறு ரூபாய்க்கு அது தேவையா? வங்கியில் ஒரே தடவை கட்டும் பணத்தில் நான்கு கள்ளநோட்டு வரை இருந்தால் மாதாந்திர அறிக்கையில் போலீசுக்குப் போகும், ஐந்தோ அதற்கு மேலோ என்றால் வழக்கே பதிவாகும். ஒன்று இரண்டை மறைத்து வைத்துச் சேர்ப்பது எவ்வளவு முட்டாள்தனம் என்று இதிலேயே தெரியும்.

போன், ஆய்வகம், க்யூஆர்

போன் செயலியைச் சிலர் சொன்னார்கள். ரிசர்வ் வங்கியே 2020 ஜனவரி 1 அன்று மணி என்ற செயலியை வெளியிட்டது. அது பார்வையற்றவர்களுக்கு இது எத்தனை ரூபாய் நோட்டு என்று சொல்வதற்காக. நல்லதா கள்ளதா என்று சொல்லாது, அதை அவர்களே சொல்லியிருக்கிறார்கள். ரிசர்வ் வங்கி சொல்லாததைப் பெயர் தெரியாத ஏதோ ஒரு செயலி சொல்கிறது என்றால் நான் நம்பமாட்டேன். போன் கேமராவால் மேட்டைத் தடவ முடியாது.

ஆய்வகம் நமக்கான வழி இல்லை. வழக்கு என்று வந்தால் போலீஸ் வழியாகப் போவது. இருந்தாலும் அங்கே என்ன செய்கிறார்கள் என்று தெரிந்துகொண்டதில் எனக்கு ஒரு லாபம் கிடைத்தது. அங்கே ஸ்டீரியோ மைக்ராஸ்கோப்பில் மையின் நடத்தையைப் பார்க்கிறார்கள். எஃகுத் தகட்டு அச்சில் கோடு மேடாக, மை இழைக்குள் இறங்கி இருக்கும். ஆஃப்செட்டில் தட்டையாக, விளிம்பு சுத்தமாக இருக்கும். இன்க்ஜெட்டில் கோடே இருக்காது, நீலமும் சிவப்பும் மஞ்சளுமாகப் புள்ளிகள் சிதறிக் கிடக்கும். லேசர் பிரிண்டர் என்றால் தூள் உருகி ஒட்டிய பளபளப்பு. வீடியோ ஸ்பெக்ட்ரல் கம்பாரேட்டர் என்ற கருவியில் ஒரே நோட்டைப் புற ஊதாவிலிருந்து அகச்சிவப்பு வரை வெவ்வேறு ஒளியில் மாற்றி மாற்றிப் பார்த்து, எந்த மை எங்கே மறைகிறது என்று பதிவு செய்கிறார்கள். இரண்டு ஊர்களில் பிடிபட்ட நோட்டுகள் ஒரே தகட்டில் அடித்தவையா என்பதை அச்சின் சின்னக் குறைகளை வைத்துச் சொல்வதும் இவர்கள்தான்.

அந்த வேலையில் ஒரு சிறு பங்கை நகைக்கடைக்காரர் கண்ணில் வைக்கும் பத்து மடங்கு லென்ஸ் செய்துவிடும். வாங்கி, ஐந்நூறின் பின்பக்கம் மொழிப் பட்டையைப் பார்த்தேன். பதினைந்து மொழிகள், கீழிருந்து மூன்றாவது தமிழ், அதன் கீழே தெலுங்கும் உருதும். நல்ல நோட்டில் தமிழ் எழுத்தின் சுழி ஒரே நிறத்தில், வெட்டினாற்போல் விளிம்போடு நிற்கிறது. வீட்டுப் பிரிண்டரில் அடித்த ஒரு விளம்பரத் தாளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எழுத்தே பொடிப்பொடியாகப் புள்ளியாகிவிடுகிறது. காந்தி படத்தை ஒட்டி இந்தியில் பாரத் என்றும் ஆங்கிலத்தில் இந்தியா என்றும் பொடி எழுத்து ஓடுவதையும் லென்ஸில் படிக்கலாம். கல்லாவில் எல்லாருக்கும் இதைச் செய்ய நேரமில்லை; விரலும் சாய்ப்பும் சந்தேகம் சொன்ன நோட்டுக்கு மட்டும் லென்ஸ். எனக்கு ரொம்பப் பிடித்த கருவி இதுதான், விலையும் நூற்றுச் சொச்சம்.

வாட்ஸ்அப்பில் சுற்றும் அடையாளங்களை நம்பி நல்ல நோட்டைத் தள்ளுவதும் நஷ்டம்தான். எண்ணுக்கு நடுவில் நட்சத்திரம் இருந்தால் கள்ளநோட்டு என்று ஒரு புரளி. அச்சில் கெட்டுப்போன நோட்டுக்குப் பதிலாக அடிப்பதற்குத்தான் அந்த நட்சத்திரம், செல்லும் என்று 2023-இல் ரிசர்வ் வங்கியே விளக்கியது. பச்சை நூல் காந்தி பக்கம் தள்ளி இருந்தால் செல்லாது என்பதும் பொய். எழுத்துப் பிழையை நம்பி உட்காருவதும் சரிவராது. 2025 ஏப்ரலில், ரிசர்வ் என்ற ஆங்கிலச் சொல்லில் 'இ' எழுத்துக்குப் பதில் 'ஏ' எழுத்து விழுந்த கள்ள ஐந்நூறு நோட்டுகள் பற்றிச் செய்தித்தாள்களில் வந்தது. கள்ளநோட்டு அடித்தவனும் அந்தச் செய்தியைப் படித்திருப்பான் இல்லையா?

க்யூஆர் அட்டையை மாட்டினால் கள்ளநோட்டே வராது என்பார்கள். வாஸ்தவம். ஆனால் மண்டிக்கு வரும் சில்லறை வியாபாரி ரொக்கம்தான் தருவார், அதை மறுக்க முடியாது.

யாருக்கு எது

மளிகைக் கடை, ஓட்டல் என்றால் மிஷின் வேண்டாம். தடவிச் சாய்த்துப் பார்க்கப் பழகிய ஆளும், அட்டைப்பெட்டிக்குள் ஒரு 365 விளக்கும் போதும். பெட்ரோல் பங்கில் பையைத் தோளில் மாட்டி நிற்கும் பையனுக்கு விளக்குகூட ஆகாது. இரவு பங்க் வெளிச்சத்தில் நிறம் மாறுவது நன்றாகவே தெரியும், அதைப் பழக்குங்கள். நகைக்கடை, ஜவுளிக்கடையில் ஒரே ஆள் கட்டுக்கட்டாகத் தருவார், அவர் எதிரிலேயே எண்ணுவீர்கள். அங்கே மட்டும் நோட்டு கைமாறும்போதே மிஷின் வேலை செய்கிறது. அதனால் அவர்கள் படம் பிடிக்கும் மூன்றாவது வகையையே வாங்கலாம், பணத்துக்குத் தகும். கல்யாண வீட்டு மொய் மேசைக்கு மட்டும் என்னிடம் யோசனை இல்லை. மாமா எழுதும் ஆயிரத்தொன்றை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் உறவே அற்றுப்போகும்.

எங்கள் மண்டியில் இரண்டாவது வகை மிஷின் ஒன்று வாங்கினோம், எண்ணும் நேரம் மிச்சம் என்ற கணக்கில். தினம் சாயங்காலம் பெயின்ட் பிரஷ்ஷால் அதன் கண்ணாடியைத் துடைப்பது என் வேலை. கல்லாவில் உட்காரும் அண்ணாச்சி மகனும் செல்வியக்காவும் ஒரு வாரம் நல்ல நோட்டுகளையே சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்கள். கள்ளநோட்டைக் காட்டிப் பழக்க வழியில்லை. நல்லதைக் கை மறக்காமல் பழகிவிட்டால் மற்றது தானாக உறுத்தும் என்று செல்வியக்கா சொன்னது நடந்தும்விட்டது.

பொங்கலுக்கு முந்தைய வாரம் ஒரு பெரியவர் நான்கு மூட்டைக்குப் பணம் கொடுத்தார். செல்வியக்கா எண்ணிக்கொண்டே வந்தவர், ஒரு நோட்டில் விரல் நின்று, சாய்த்தார். பச்சை பச்சையாகவே இருந்தது. "அண்ணே, இது மட்டும் கொஞ்சம் நைஞ்சு கெடக்கு, வேற இருந்தாக் குடுங்க" என்று முகம் மாறாமல் நீட்டினார். அவரும் யாரிடமோ ஏமாந்து வந்தவர்தான். வாங்கித் திருப்பிப் பார்த்தார், பேசாமல் மடித்துத் தனியாக வைத்துக்கொண்டு வேறு நோட்டு கொடுத்தார். மூட்டை வண்டியில் ஏறிய பிறகு நான் போய் விஷயத்தைச் சொன்னேன். அதை வேறு எங்கும் மாற்றிவிடாமல் வங்கியில் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளச் சொன்னேன். "ரசீதுக்கு ஐந்நூறு ரூபாய் குடுப்பாங்களா தம்பி?" என்றார்.